பதுளை வீதியில் ஒரு மஞ்சள் விளக்கு

செங்கலடிச் சந்தியில் மேற்கே திரும்பினால் தொடங்குவது பதுளை வீதி. எங்கள் பகுதிப் பெண்கள் வயலுக்கும் விறகுக்கும் போன வீதி அது. 2007ஆம் ஆண்டுச் சண்டையில் கரடியனாற்றுப் பக்கத்துச் சனங்கள் பிள்ளைகளையும் பொட்டலங்களையும் சுமந்துகொண்டு ஓடிவந்ததும் இந்த வீதியால்தான். ஆனால் அது போய்ச் சேரும் பதுளையைக் கண்டவர்கள் எங்கள் மகளிர் குழுவில் ஒருவரும் இருக்கவில்லை.

குழுவின் தலைவி அக்காவுக்கு மட்டும் அந்த ஊரோடு ஒரு தொடர்பு இருந்தது. அவருடைய தாயார் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 வன்செயலுக்குப் பிறகு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. அக்கா வன்னியில் பிறந்து, மட்டக்களப்பில் வாழ்க்கைப்பட்டு, யுத்தத்தில் கணவரை இழந்தவர். "அம்மா பிறந்த லயத்த ஒருக்காப் பாத்திட்டு வரணும் பிள்ள" என்று என்னிடம் பல தரம் சொல்லியிருக்கிறார்.

2023 ஆகஸ்டில் அதற்கு வழி கிடைத்தது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்த காலம் அது. பதுளையில் தோட்டப் பெண்கள் குழுவொன்றைச் சந்திப்பதற்கு எட்டுப் பெண்களோடு நானும் புறப்பட்டேன்.

வாகனம் இரவலாகக் கிடைத்த பழைய ஜப்பான் வேன். வயது இருபத்தைந்துக்கு மேல். ஒட்டோ கியர். கிளச் மிதிக்க வேண்டியதில்லை; வேகத்தையும் இஞ்சின் படும் பாரத்தையும் பார்த்து ஒரு சிறிய கொம்பியூட்டர் பெட்டி தானே கியரை மாற்றும். ஒரு மாதமாக அந்த வேனில் ஒரு மஞ்சள் விளக்கு இடையிடையே மின்னிக்கொண்டிருந்தது. பட்டினத்தில் ஒரு கராஜில் காட்டியபோது, "கியர்பொக்ஸ் முடிஞ்சுது, முழுசா மாத்த வேணும்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் கேட்ட காசு, எங்கள் குழு தையல் மெஷின்களுக்காகச் சேர்த்து வைத்திருந்த தொகைக்குக் கிட்ட வந்தது. வேன் சொந்தக்காரர் சும்மா தந்த வண்டி என்பதால், பாதிச் செலவை நாங்கள் ஏற்கத்தான் வேண்டும் என்று பேச்சு வந்தது. விளக்கும் பிறகு அணைந்துவிட்டது. நாங்களும் பேசாமல் விட்டுவிட்டோம். அது எங்கள் பிழை.

மகாஓயா வரை காடும் சமவெளியுமாக வீதி சுகமாகப் போனது. பிபிலை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வேன் ஒரு தரம் உதறியது. மஞ்சள் விளக்கு மின்னத் தொடங்கியது. சாரதித் தம்பி எவ்வளவு மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. மேல் கியரில் போய்ச் சிக்கிக்கொண்டு ஏற முடியாமல் இஞ்சின் முனகியது.

எல்லோருக்கும் பயம் பிடித்துவிட்டது. 2021 மார்ச்சில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டையருகே பள்ளத்தில் விழுந்து பலர் இறந்த செய்தி அனைவருக்கும் தெரியும். "திரும்புவமா?" என்று ஒருவர் கேட்டார். தலைவி அக்கா ஒன்றும் சொல்லவில்லை. யன்னலால் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி கியர்த் தடியை 'எல்' என்ற எழுத்துக்கு இழுத்துப் பார்த்தார். வண்டி மெல்ல ஏறியது! நடந்து போகும் வேகம்தான். அப்படியே ஊர்ந்து லுணுகலையருகே ஒரு தோட்ட லயத்தின் முன்னால் நிறுத்தினோம்.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். யார், எவர் என்று விசாரிக்குமுன்பே ஓர் அக்கா, "வாங்க, வாங்க, மொதல்ல தேத்தண்ணி குடிங்க" என்று உள்ளே அழைத்தார். சிறிய ஓர் அறையும் ஒரு குசினியுமாக இருந்த அந்த வீட்டில் ஆறு பேர் வாழ்கிறார்கள். 2021இல்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது என்றும், சொன்ன கிலோ பறிக்காவிட்டால் அதுவும் முழுதாகக் கிடைப்பதில்லை என்றும் சொன்னார். "நீங்க சண்டையில வீட்ட விட்டு ஓடுனீங்க. எங்களுக்கு மழை பேஞ்சா ஓட்டம்" என்றார். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மனிதர்களும் மண்ணுக்குள் புதைந்ததை அவர் நினைவூட்டியபோது எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

அந்த அக்காவின் மகன் சந்தியிலிருந்து ஒரு சிங்கள பாஸை அழைத்து வந்தான். வயதான மனிதர். எங்களுக்குச் சிங்களம் போதாது. அக்காவே இரு பக்கமும் மொழிபெயர்த்தார். பாஸ் முதலில் கியர் ஒயில் கோலை இழுத்துப் பார்த்தார். ஒயில் சிவப்பாகவே இருந்தது; கருகிய மணம் இல்லை. "பெட்டி எரியல்லயாம்" என்றார் அக்கா.

பிறகு பாஸ் ஒரு துண்டு வயரை ஒரு சொக்கெட்டில் செருகி, சாவியைத் திருகி, மஞ்சள் விளக்கைப் பார்க்கச் சொன்னார். ஆறு தரம் மின்னியது, சற்று நின்றது, இரண்டு தரம் மின்னியது. அடுத்து ஆறும் மூன்றும். அதாவது 62, 63. அந்த விளக்கு சும்மா மின்னவில்லை. தன் வருத்தத்தை எண்ணிக்கையில் சொல்லிக்கொண்டிருந்தது. கியர்பொக்ஸுக்குள் ஒயிலைத் திறந்து மூடும் இரண்டு மின்வால்வுகள் உண்டு, சொலினொயிட் என்பார்கள். இரண்டுக்கும் கட்டளை போகவில்லை என்பதே அந்த இலக்கங்களின் பொருள். கட்டளை போகாவிட்டால் அந்தப் பெட்டி 'டி'யில் மேல் கியரிலேயே நின்றுவிடும். 'எல்'லுக்கு இழுத்தால் முதல் கியர் கைக்கு வரும். எங்களை மலையேற்றியது அதுதான்.

"ரெண்டும் ஒரே நாள்ல சாகாதுன்னு சொல்றாரு. ரெண்டுக்கும் பொதுவான எடத்த பாக்கணுமாம்" என்றார் அக்கா. பாஸ் வண்டிக்கடியில் புகுந்து, கியர்பொக்ஸுக்குப் போகும் வயர்களின் இணைப்பைக் கழற்றிக் காட்டினார். ஊசிகளில் பச்சைக் களிம்பு. வெள்ளத்தில் ஓடிய வண்டி, தண்ணீர் இறங்கியிருக்கிறது. சுரண்டித் துடைத்து இறுக்கிப் பூட்டினார். விளக்கு மின்னவில்லை. வேன் ஒழுங்காகக் கியர் மாற்றியது. கூலியை அவர் சொன்னபோது எங்கள் பொருளாளர் இரண்டாம் தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

புறப்படும்போது பாஸ் ஒன்றை அழுத்திச் சொன்னார். இறக்கத்தில் 'டி'யில் விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. பிரேக் சூடேறினால் பிடிக்காது. இறங்கத் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, '2'க்கோ 'எல்'லுக்கோ மாற்றி, இஞ்சினாலேயே வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும். 2025 செப்டம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்த செய்தியைக் கேட்டபோது அந்தக் கிழவரின் குரல்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அன்று மாலை பசறையைக் கடந்து தாயாரின் தோட்டத்துக்குப் போனோம். பழைய லயம் இல்லை. அவ்விடத்தில் தேயிலை நட்டிருந்தார்கள். பீலித் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தலைவி அக்கா முகம் கழுவி, ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டார். நமுனுகல மலையை மேகம் மூடும் வரை அங்கேயே இருந்தோம். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

சகோதரிகளே, நம்மில் பலர் இன்று ஆட்டோ ஓட்டுகிறோம், வேன் வாடகைக்குப் பிடிக்கிறோம், கராஜ்களில் தனியே நிற்கிறோம். ஆகவே சிலவற்றை மனதில் வைப்போம். ஒட்டோ கியர் வண்டி உதறினாலோ, இஞ்சின் இரைந்தும் இழுக்காவிட்டாலோ, விளக்கு மின்னினாலோ தள்ளிப்போடாதீர்கள். முதலில் ஒயிலின் அளவையும் மணத்தையும், அடுத்து விளக்கின் இலக்கத்தையும், பிறகு வயர் இணைப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். கருகிய மணமும் இரும்புத் தூளும் இருந்தால் பெட்டிக்குள்ளேயே பழுது இருக்கலாம். பழுதான வண்டியை, ஓடும் சில்லுகள் தரையில் உருள இழுக்க விடாதீர்கள். இஞ்சின் நின்றால் பெட்டிக்குள் ஒயில் ஓடாது, நல்ல பாகமும் தேயும். "முழுசா மாத்த வேணும்" என்று யாராவது சொன்னால், "ஏன்? எதைப் பார்த்துச் சொல்லுறீங்க?" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

2025 நவம்பரில் டித்வா புயலில் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் ஏற்பட்டபோது, எங்கள் தலைவி அக்காதான் முதலில் லுணுகலைக்குத் தொலைபேசி எடுத்தார். இரண்டு நாள் தொடர்பு கிடைக்கவில்லை. மூன்றாம் நாள், "உசுரோட இருக்கோம் அக்கா, பள்ளிக்கூடத்துல இருக்கோம்" என்ற குரல் கேட்டது. அடுத்த வாரம் எங்கள் குழு அரிசியும் பாயும் பிள்ளைகளின் உடுப்பும் சேர்த்தது. வீதி திறந்ததும் அதே வேனில், அதே பதுளை வீதியால் கொண்டுபோய்க் கொடுத்தோம். தையல் மெஷின்களும் வந்துவிட்டன. அந்த உடுப்புகளில் பாதி அவற்றில் தைத்தவை.