குடிமகள் எங்கே?



சமூக அறிவியலில் பிரெஞ்சுப் புரட்சி பாடம் படித்தோம். 1789-இல் நடந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கினார்கள். பாரீஸ் எங்கேயோ இருக்கு, நமக்கென்ன என்று நினைத்தேன்.

அப்புறம்தான் டீச்சர் சொன்னார். 1797-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், திப்பு சுல்தானிடம் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர்கள் சங்கம் வைத்து, சுதந்திர மரம் நட்டார்களாம். மன்னரையே 'குடிமகன் திப்பு' என்றார்களாம்! என் பாட்டி ஊரான கிருஷ்ணகிரியின் கோட்டையும் 1792 வரை மைசூர் ஆட்சியில்தான் இருந்தது. அப்படியென்றால் அந்தப் பேச்சு நம்ம பக்கத்து ஊர் வரைக்கும் வந்திருக்கு.

ஆனால் குடிமகள் எங்கே? அதைக் கேட்டவர் ஒலிம்ப் தெ கூஜ் என்ற பெண். ஆணுக்குள்ள உரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று 1791-இல் எழுதினார். 1793-இல், ஆட்சியை எதிர்த்து எழுதினார் என்று அவர் தலையை வெட்டிவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்க வீட்டில் அப்பா, "பாப்பா பத்தாவதோட போதும், தம்பி மேலே படிக்கட்டும்" என்றார். நம் அரசியலமைப்பின் முகவுரையிலும் அதே மூன்று சொற்கள் உண்டு. அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டி, "இது தம்பிக்கு மட்டும்னு போட்டிருக்காப்பா?" என்று கேட்டேன். அவர் பேசவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வந்த அம்மாதான், "அவளும் படிக்கட்டுங்க" என்றார்.

அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. நான் தினமும் கேட்பேன். நீங்களும் உங்க வீட்டில் கேளுங்கள்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி