கையும் படிக்கும் பள்ளிக்கூடம்... காந்திகிராமம் காட்டிய வழி!

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில், சின்னாளபட்டிக்குப் பக்கத்தில், சிறுமலையைப் பார்த்தபடி இருக்கிறது காந்திகிராமம். இன்று பல்கலைக்கழகம் என்றுதான் பலருக்கும் இந்த ஊரைத் தெரியும். ஆனால், இதன் கதையில் சின்னக் குழந்தைகளின் பள்ளிக்கூடத்துக்கும் பெரிய இடம் உண்டு.

1946 பிப்ரவரியில் மதுரையிலிருந்து பழனிக்கு ரயிலில் போன காந்தியைக் காண, அருகிலுள்ள அம்பாத்துரையில் மக்கள் திரண்டார்கள். மறு ஆண்டே, 1947-ல், டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி.ராமச்சந்திரனும் இங்கே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள்.

சௌந்தரம், தொழிலதிபர் டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள். சிறு வயதிலேயே திருமணம். இளம் வயதிலேயே முதல் கணவரை இழந்தார். அதோடு முடங்கிவிடாமல், டெல்லியில் மருத்துவம் படித்து டாக்டரானார். படிப்பு ஒரு வாழ்க்கையை எப்படி மீட்கும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இங்கே நடந்தது ஆதாரக் கல்வி. 1937-ல் வார்தாவில் நடந்த மாநாட்டில் உருவான திட்டம் அது. தாய்மொழியில் பாடம், அதன் நடுவில் ஒரு கைத்தொழில். அதை நாடெங்கும் கொண்டுசெல்ல உழைத்தவர்களில் முக்கியமானவர், யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகம்.

தக்ளியில் நூல் நூற்கும் குழந்தை, இழைகளை எண்ணும்போது கணக்கு வருகிறது. நீளம் பார்க்கும்போது அளவை வருகிறது. பஞ்சு எங்கே விளைகிறது என்று கேட்டால் புவியியலும் வந்துவிடுகிறது. தறிச் சத்தம் கேட்டு வளரும் சின்னாளபட்டிப் பிள்ளைகளுக்கு நூல் ஒன்றும் அந்நியமில்லை. தோட்ட வேலையும் துப்புரவும்கூடப் பாடம்தான். எந்த வேலையும் இழிவில்லை என்பதைப் புத்தகம் திறக்காமலேயே அது கற்றுத்தந்தது.

1962-ல் திண்டுக்கல் தொகுதியில் வென்று மக்களவைக்குச் சென்ற சௌந்தரம், நேரு அமைச்சரவையில் கல்வித்துறை துணை அமைச்சரானார். ஆனால், தேர்வும் மதிப்பெண்ணும் முன்னுக்கு வந்ததில், ஆதாரக் கல்வி நாடெங்கும் மெல்ல மங்கிப்போனது.

இன்று அரசுத் தொடக்கப் பள்ளிகளில் வசதிகள் கூடியிருக்கின்றன. மதிய உணவோடு, 2023 ஆகஸ்ட் முதல் 1 முதல் 5-ம் வகுப்பு வரை காலை உணவும் கிடைக்கிறது. 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஆடல், பாடல், செயல்வழியாகப் பாடம் நடத்தச் சொல்கிறது. சுற்றிவந்து பார்த்தால், கையால் செய்து கற்கும் பழைய பாதைக்கு இது வெகு தூரமில்லை.

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகும்போது கட்டடம், கழிப்பறை, கம்ப்யூட்டர் எல்லாம் விசாரிக்கிறோம். விசாரிக்கத்தான் வேண்டும். அதோடு இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: 'இங்கே பிள்ளைகள் தங்கள் கையால் என்ன செய்வார்கள்?'