நீராவி திரும்பும் வழி

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளைப் பற்றிப் பேசுவோர் சாயக்கழிவு கலந்த நொய்யல் நதியைப் பற்றியும், ஒரத்துப்பாளையம் அணையைப் பற்றியும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டதைப் பற்றியும் பேசுவது இயல்பே. ஆயினும் சாய இயந்திரங்களுக்கு உஷ்ணம் வழங்கும் பாய்லரையும், அதற்குள் செல்லும் ஜலத்தை இரவு பகலாகக் காத்து நிற்கும் தொழிலாளரையும் பற்றி எவரும் விரிவாகப் பேசக் கேட்டதில்லை. அந்தக் குறை மனத்தில் உறுத்தியதால், நகருக்கு வெளியே உள்ள ஒரு பட்டறையின் பாய்லர் அறைக்கு அனுமதி பெற்றுச் சென்றேன்.

விறகில் எரியும் பாய்லர் அது. அதன் பொறுப்பாளர் அறுபதை நெருங்கியவர். அரசாங்கச் சான்றிதழ் பெற்றவர். அடுப்பு வாயில் விறகு தள்ளும் வேலையை இளைஞன் ஒருவனிடம் விட்டுவிட்டு, என்னை நேரே சாஃப்ட்னர் தொட்டியண்டை அழைத்துப் போனார். “நெருப்பை யாரு வேணும்னாலும் பாத்துக்கலாமுங்க, தண்ணியத்தான் பாத்துக்கோணும்” என்றார்.

சிறு குப்பியில் நீர் பிடித்து, இரண்டு மருந்துகளைச் சொட்டு விட்டார். நீலமாக நின்றால் கடினத்தன்மை இல்லை. சிவந்தால் கால்சியமும் மக்னீசியமும் எஞ்சியிருக்கின்றன. அவ்வாறு எஞ்சியவை குழாய்களின் மேல் வெண்மையான படிவமாக உறைந்து, உஷ்ணம் நீருக்குள் இறங்காதபடி தடுக்க, நெருப்பின் வேகம் முழுவதையும் இரும்பே தாங்க நேர்ந்து, குழாய் புடைத்து வெடிக்கும் அபாயம் பிறக்கிறது. அன்று குப்பியில் நின்றது தெளிந்த நீலம். சாஃப்ட்னரின் பிசின் மணிகள் கடினத்தைப் பற்றிக்கொண்டு சோடியத்தை விடுவனவே தவிர, உப்பின் மொத்த அளவைக் குறைப்பவை அல்ல. ஆகையால் பாய்லருக்குள் நீர் ஆவியாக ஆக உப்பு செறிந்துகொண்டே போகும். கரைந்த உப்பின் அளவான டி.டி.எஸ். லிட்டருக்கு 3500 மில்லிகிராமைத் தாண்டாதபடி அவ்வப்போது அடிவால்வைத் திறந்து செறிந்த நீரை வெளியேற்றி ‘புளோ டவுன்’ கொடுப்பதும் இவர் பொறுப்பே.

ஆனால் அவருடைய வித்தையை நான் பிரத்தியட்சமாகக் கண்டது சாய இயந்திரங்களின் அடியில், நீராவி தன் வேலையை முடித்து நீராக மாறித் திரும்பும் குழாய்களிடத்தில்தான். நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை, நீராவியைத் தடுத்து நீரை மட்டும் வெளியே விடும் ஸ்டீம் டிராப்பின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டி, நாடி பார்க்கும் வைத்தியரைப் போல் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே இருக்கும் தகடு விட்டுவிட்டுத் தட்டினால் டிராப் நலமாக இருக்கிறது. ஓயாது படபடத்தால் நீராவி வீணாகிறது. எனக்கும் கேட்கத் தந்தார். இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே அந்தச் சிறு தட்டல் தனித்துக் கேட்டது.

திரும்பும் அந்த நீரின் அருமை சாமானியமானதன்று. அது காய்ச்சி வடித்த ஜலம். நீராவியின் வெப்பத்தில் ஏறக்குறைய கால் பங்கு அதில் தங்கியிருக்கிறது. பாய்லருக்குப் போகும் நீர் 6 டிகிரி சூடேறினால் எரிபொருளில் நூற்றுக்கு ஒரு பங்கு மிச்சம். சூடான நீரில் கரைந்த பிராணவாயு குறைவதால் இரும்பு அரிக்கப்படுவதும் குறையும். எனினும் அந்நீருக்கும் ஒரு தோஷம் உண்டு. பாய்லரில் பைகார்பனேட்டுகள் சிதைந்து எழும் கரியமில வாயு அதில் கரைந்து புளிப்பேறி, குழாயின் அடிப்பக்கத்தை வாய்க்கால் போல அரித்துவிடும். அவ்வாறு அரிபட்ட ஒரு துண்டைக் கையில் கொடுத்தார். மேற்பாதி புதியதுபோல் இருக்க, கீழ்ப்பாதி காகிதம்போல் மெலிந்திருந்தது.

நாங்கள் திரும்பும்போது இளைஞன் ஓடிவந்து, “அண்ணா, தண்ணி செவக்குதுங்க!” என்றான். ஏதோ ஒரு இயந்திரத்தின் வெப்பமாற்றி கசிந்து, நீராவி நிறுத்தப்பட்ட வேளையில் சாயநீர் திரும்பு குழாய்க்குள் புகுந்திருக்கிறது. பெரியவர் பதறவில்லை. திரும்பு நீர் முழுவதையும் கழிவுநீர்த் தொட்டிக்குத் திருப்பிவிட்டு, ஒவ்வொரு கிளைக்குழாயிலும் நீர் பிடித்துப் பார்த்து, குற்றவாளியான இயந்திரத்தைக் கண்டுபிடித்து அதன் வால்வை அடைத்த பின்னரே நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

கோடியில் உள்ள இரண்டு இயந்திரங்களுக்கோ திரும்பு குழாயே இல்லாததால், அவற்றின் நீர் பாய்லருக்குத் திரும்பாமல் தினமும் கழிவுத்தொட்டிக்கே போகிறது. துளிகூட வெளியே விடக் கூடாது என்ற விதி உள்ள ஊரில், வடித்த சுத்த ஜலத்தைச் சூட்டோடு கழிவுநீரில் கலந்து, பின்பு அதையே பெரும்பொருள் செலவிட்டுச் சுத்திகரிப்பது எவ்வளவு பெரிய விரயம்! அந்தக் குழாயைப் போட்டுத் தரும்படி அவர் முதலாளியிடம் பலமுறை கேட்டிருக்கிறார். விடைபெறும் முன் நானும் அலுவலக அறைக்குச் சென்று அதையே கேட்டேன். வருகிற தீபாவளி விடுமுறையில் செய்துவிடலாம் என்றார்கள்.