வேலிக்கு முன்னால் வழி

பொம்மை ரயிலுக்கும் மாடல் ரயிலுக்கும் என்ன வித்தியாசம்?

என் வீட்டில் கேட்டால் ஒன்றும் கிடையாது என்பார்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் தரையில் மண்டியிட்டு ரயில் விட்டால் அதற்குப் பெயர் விளையாட்டுதான், இதில் என்ன நுணுக்கம் வேண்டிக் கிடக்கிறது என்பார்கள். ஆனால் நான் சொல்கிறேன், வித்தியாசம் உண்டு. வேலி!

பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் போதும். அது மாடலாக வேண்டுமானால், ரயிலுக்கு வெளியே ஓர் உலகம் இருக்க வேண்டும். அங்கே வயல், மாடு, அந்த மாட்டுக்குச் சொந்தக்காரர் எல்லாம் உண்டு. ரயில்வேயின் நிலம் எங்கே முடிகிறது, அவருடைய நிலம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்வதுதான் வேலி.

என்னுடையது ஆறடிக்கு இரண்டடி பலகை. மைத்துனர் லண்டனிலிருந்து வாங்கி வந்த ரயில் என்பதால் ஊரும் இங்கிலாந்துக் கிராமம்தான். ஓரமாக ஒரு குட்டி ஸ்டேஷன், அங்கிருந்து கிளம்பும் ஒற்றைத் தண்டவாளம். அளவு 'ஓ ஓ' என்பார்கள். நிஜத்தில் ஓர் அடி என்றால் இங்கே நான்கு மில்லிமீட்டர். அதாவது 76-ல் ஒரு பங்கு.

நான் பி.காம். எதைத் தொட்டாலும் முதலில் கணக்குதான். நாலரை அடி உயர வேலி என்றால் 18 மில்லிமீட்டர். ஒன்பது அடிக்கு ஒரு கம்பம் என்று வைத்துக்கொண்டால் 36 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு அடி நீளத்துக்கு நூற்றுச் சொச்சம் கம்பங்கள். கம்பத்துக்கு ஐந்து கம்பி. ஆக, ஐந்நூறுக்கும் மேல் ஒட்டல்! ரெடிமேடாகவே பிளாஸ்டிக் வேலி விற்கிறார்கள், வாங்கிப் பதித்துவிடலாம். ஆனால் கணக்குப் போட்ட பிறகு ஒரு ரோஷம் வந்துவிடுகிறது, பாருங்கள்.

கம்பத்துக்குத் தீக்குச்சி. மெழுகுக் குச்சி வேண்டாம், மரக் குச்சி. அதன் தடிமன் சுமார் இரண்டு மில்லிமீட்டர், நிஜ அளவில் அரை அடிக் கட்டை. மருந்துத் தலையை வெட்டிவிட்டுச் சாம்பல் நிறம் பூசுங்கள். பிரவுன் பூசத்தான் கை வரும். ஆனால் வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்கில் நின்ற மரம் சாம்பலாகத்தான் வெளுத்திருக்கும்.

கம்பிக்கு மெல்லிய எலாஸ்டிக் நூல். சாதா நூலில் ஒரு தடவை சட்டைக் கை பட்டால் நாலு கம்பம் பிடுங்கிக்கொண்டு வரும். எலாஸ்டிக் என்றால் வளைந்து கொடுத்துவிட்டுப் பழைய இடத்துக்கே போய்விடும்.

கை ட்ரில்லால் துளை போட்டு, ஃபெவிகால் தொட்டுக் கம்பத்தை நடுங்கள். சூப்பர் க்ளூ உடனே பிடித்துக்கொள்ளும். நிமிர்த்தி, சாய்த்து, கண்ணை இடுக்கி வரிசை பார்க்க ஃபெவிகால்தான் அவகாசம் தரும். தரை சரிவாக இருந்தாலும் கம்பம் நேராகத்தான் நிற்க வேண்டும். கம்பி மட்டும் சரிவோடு போகும். ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் குண்டூசி முனையில் சூப்பர் க்ளூ எடுத்துக் கம்பியை ஒட்டுங்கள். இழுத்துக் கட்டாதீர்கள். நூறு கம்பமும் ஒரே பக்கம் சாயும். முனைக் கம்பத்துக்கு ஒரு முட்டுக்கட்டை கொடுங்கள். நிஜ வேலியிலும் அப்படித்தான்.

எங்கே நடுவது? தண்டவாளத்தை ஒட்டி வேண்டாம். ரயில்பாதை உயரமான கரையில் போனால், கரையின் அடிவாரத்தில். பள்ளத்தில் போனால், பள்ளத்தின் மேல் விளிம்பில். அந்தச் சரிவும் ரயில்வேயின் நிலம்தானே?

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வழி விடுவது. எங்கே கேட், எங்கே பாலம், எங்கே ஏறிக் கடக்கும் மரப்படி என்று பென்சிலால் குறித்துவிட்டுத்தான் முதல் கம்பத்தை நட வேண்டும். இது என் சொந்தச் சரக்கு இல்லை. சட்டம்.

இங்கிலாந்தில் ரயில் வந்தபோது விவசாயிகளின் நிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. வீடு இந்தப் பக்கம், மேய்ச்சல் அந்தப் பக்கம் என்று ஆகிப்போனது. 1845-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ரயில்வேக்களுக்கென்று ஒரு பொதுச் சட்டம் போட்டது. அதன் 68-வது பிரிவு, ரயில் கம்பெனி செய்து தந்து, என்றைக்கும் பராமரிக்கவும் வேண்டியவற்றைப் பட்டியல் போடுகிறது. முதலில் வருவது கேட், பாலம், கடந்து போகும் வழி. அதற்கு அடுத்துத்தான் வேலி. நிலத்தை வெட்டியவர்தான் வழியும் விட வேண்டும், வேலியும் போட வேண்டும். அந்த வரிசையில்.

என் பலகையில் கரைக்கு நடுவே ஒரு கேட் வைத்திருக்கிறேன். அதன் இரண்டு பக்கமும் தண்டவாளத்தை ஒட்டி முக்கோணமாகச் சீவிய மரச் சட்டங்கள். மாடு அதில் கால் வைக்காது, கேட்டிலிருந்து தண்டவாளத்தோடு நடந்து போகவும் போகாது. மொத்தமும் என் கட்டைவிரல் அகலம்தான்.

எங்கள் வீட்டுக்குப் பூ கொடுக்கிற அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். ஒருநாள் முழம் போட்டுக் கொடுத்துவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு பக்கமும் அடைச்சிட்டியே தம்பி... சனம் எங்க தாண்டும்?"

"இதோ இங்கம்மா" என்று கேட்டைக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"பரவாயில்லியே. வழி வுட்ருக்கியே."

எந்த விமர்சகரும் தந்திராத பாராட்டு. ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் எந்த வழியாக வருகிறார் என்பது எனக்குத் தெரியும். தெருக் கோடியில் தண்டவாளத்தை ஒட்டிய மதில், அதில் யாரோ இடித்த ஓர் ஆள் நுழையும் ஓட்டை. ஒரு கையில் பூக்கூடை, ஒரு கையில் புடவைக் கொசுவம்.

"சுத்திப் போகக் கூடாதாம்மா?"

"அரை அவரு ஆவுது. வெயிலு ஏறிடும். பூ வாடுனா யாரு வாங்குவா?"

சட்டப்படி அவர் குற்றவாளி. அனுமதியில்லாமல் ரயில்வே நிலத்துக்குள் நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 1989-ல் வந்த நம் ரயில்வே சட்டம் தன் 147-வது பிரிவில் விதித்தது. அதே சட்டத்தில் 16-வது பிரிவு, பக்கத்து நிலக்காரர்களுக்குக் கடக்க வழியும் பாலமும் அமைத்துத் தருவது பற்றி. 18-வது பிரிவு வேலி பற்றி. கவனித்தீர்களா? இங்கேயும் வழி முதலில், வேலி பிறகு, தண்டனை கடைசியில். காகிதத்தில் வரிசை சரியாகத்தான் இருக்கிறது.

தரையில்? அனில் காகோட்கர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்புக் குழு 2012-ல் அறிக்கை கொடுத்தது. தண்டவாளத்தில் அத்துமீறி நுழைந்து உயிரிழப்பவர்கள் வருஷத்துக்குச் சுமார் 15,000 பேர் என்றது. அதில் சுமார் 6,000 பேர் மும்பை புறநகர்ப் பாதைகளில் மட்டும். இதற்கு அந்தக் குழு பயன்படுத்திய வார்த்தை, 'படுகொலை'.

செத்தவர்கள் எல்லாருமே அவசரக்காரர்கள், சட்டத்தை மதிக்காதவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். மதிலை இன்னும் இரண்டடி உயர்த்துவதும் சுலபம். ஆனால் பூ வாடும் நேரத்தைவிட வழி தூரமாக இருந்தால், எந்த மதிலிலும் ஓட்டை விழும். ஓட்டை விழுந்த இடத்தைப் பார்த்தால் வழி எங்கே வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஜனங்களே பென்சிலால் குறித்துக் கொடுத்த மாதிரி!

அடுத்த தடவை மின்சார ரயிலில் போகும்போது ஜன்னல் வழியே பாருங்கள். எத்தனை மதில், எத்தனை ஓட்டை, எத்தனை நடைமேம்பாலம் என்று எண்ணுங்கள். பி.காம் படிக்காதவர்களுக்கும் விளங்கிவிடும் கணக்கு அது.

மாடல் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபெவிகால் பாட்டிலைத் திறப்பதற்கு முன் பலகையின் மட்டத்துக்குக் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். விரல் நுனி உயரத்தில் ஒரு கிழவி கூடையோடு வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவள் எந்தப் பக்கமிருந்து வருகிறாள், எந்தப் பக்கம் போக வேண்டும், எவ்வளவு தூரம் நடப்பாள் என்று பார்த்து அங்கே கேட்டை வையுங்கள்.

வேலி அப்புறம் தானாக நிற்கும்.