பூட்டும் ஊசலும்

மகன் பதினொன்றாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் 70க்கு 11 வாங்கி வந்தான். தேர்ச்சிக்கு 15 வேண்டும். விடைத்தாளை மேசையில் வைத்து, கையொப்பம் இட வேண்டிய இடத்தைச் சுட்டிக் காட்டிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இரவுச் சாப்பாட்டின்போதுதான் வாய் திறந்தான்.

"நீங்க ரெண்டு பேரும் தமிழ் வாத்தியார். அதுக்காக என்னைத் தமிழ் மீடியத்துல போட்டீங்க. இப்ப பாருங்க."

எங்களிடம் பதில் இல்லை. பயிற்றுமொழி பற்றிக் கருத்தரங்குகளில் கட்டுரை படித்தவர்கள் நாங்கள். தாய்மொழிக் கல்வியைப் பற்றி மேடையில் முழங்கிவிட்டுத் தம் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பும் தமிழாசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். அவர்களில் ஒருவராக ஆகிவிடக் கூடாது என்று அன்று இருந்தோம். அதைக் கொள்கை என்று அப்போது சொன்னோம். வீம்பும் அதில் பாதி இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. பிள்ளையின் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

அன்றிரவு அவன் உறங்கியபின் அவனுடைய பாடநூலை எடுத்து விரித்தோம். நாங்கள் இருவருமே தொண்ணூறுகளில் மேல்நிலைப் படிப்பில் இயற்பியல் எடுத்தவர்கள். வெவ்வேறு ஊர், ஒரே தமிழ்வழி. அப்போது பல பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொட மாட்டார்கள். முதலாண்டிலேயே பன்னிரண்டாம் வகுப்பின் நிலைமின்னியலைத் தொடங்கி, இரண்டாண்டும் அதையே உருப்போட வைப்பார்கள். நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம். விசை என்றால் என்ன, உந்தம் என்றால் என்ன என்று யாரும் சொல்லாமலே மின்புலத்தின் பத்து மதிப்பெண் வினாவுக்குப் பக்கம் பக்கமாக எழுதினோம். மதிப்பெண்ணும் வந்தது. பிறகு தமிழுக்கு வந்து சேர்ந்தோம். இலக்கிய ஆர்வத்தால் வந்தோம் என்றுதான் கேட்பவர்களிடம் இதுவரை சொல்லியிருக்கிறோம். இயற்பியல் புரியவில்லை என்பதும் ஒரு காரணம்.

விடைத்தாளில் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்த முதல் கணக்கு இது. ஒருவர் 20 கிலோ சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு சமதளத்தில் 100 மீட்டர் சீராக நடக்கிறார். புவியீர்ப்புக்கு எதிராக அவர் செய்த வேலை எவ்வளவு? மகன் 20ஐ 9.8ஆலும் 100ஆலும் பெருக்கி 19,600 ஜூல் என்று எழுதியிருந்தான். விடை சுழி. விசை மேல்நோக்கி, இடப்பெயர்ச்சி கிடைமட்டமாக. இரண்டுக்கும் இடையே 90 பாகை, அதன் கொசைன் மதிப்பு சுழி.

மறுநாள் அவன் கேட்டான்: "அப்பத்தா நாலு தெரு தள்ளிப்போய்த் தண்ணி தூக்கிட்டு வருவாங்கன்னு நீங்கதானே சொல்வீங்க. அது வேலை இல்லையா?"

புதுக்கோட்டைப் பக்கத்து ஊர் எங்களுடையது. கோடையில் குடிநீர் ஊற்றுக்கு நடந்து தேய்ந்த கால்கள் அப்பத்தாவினுடையவை. அந்த நடை முழுவதையும் ஒரு பாடநூல் சுழி என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். எங்களுக்கும் வந்தது. ஆனால் கணக்கு போட்டுப் பார்த்தோம். 20 கிலோ குடத்தைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கித் தலையில் வைக்கையில் 294 ஜூல் வேலை நடக்கிறது. அதற்குப் பிறகு குடத்தின் உயரம் மாறவில்லை. ஆகவே புவியீர்ப்பின் கணக்கில் எதுவும் ஏறவில்லை. அப்படியானால் களைப்பு எங்கிருந்து வந்தது? தசை நார்கள் சுமையைத் தாங்கி நிற்கவே ஓயாமல் இறுகியும் தளர்ந்தும் கொண்டிருக்கின்றன. உண்ட உணவின் வேதியாற்றல் அதில் செலவாகி வெப்பமாகப் போகிறது. அந்தச் செலவு அப்பத்தாவின் உடலுக்குள் நடந்தது. குடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

இதைச் சொல்லும்போதுதான் எங்கள் துறையிலிருந்தே ஓர் உதாரணம் அகப்பட்டது. இலக்கணத்தில் க் என்பது மெய், அ என்பது உயிர். மெய்யெழுத்துக்கு உடம்பு எங்கே என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூடக் கேட்பதில்லை. புழக்கத்தில் இருக்கும் சொல்லை ஒரு துறை எடுத்துக் குறுக்கித் தன் காரியத்துக்கு வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இயற்பியலின் 'வேலை' உழைப்பை மதிப்பிடும் சொல் அல்ல. மகன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப வேற பேர் வச்சிருக்கலாம்ல" என்றான். நியாயமான கேள்வி. ஆனால் ஆங்கிலத்திலும் அன்றாடச் சொல்லைத்தான் எடுத்திருக்கிறார்கள். இந்தக் குழப்பம் தமிழ்வழியால் வந்தது அல்ல என்று அறிந்ததில் எங்களுக்கு ஓர் அற்ப ஆறுதல்.

சொற்களைப் பற்றிப் பேச்சு வந்ததும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருக்கு எழுதினோம். உயர்தர வகுப்புப் பௌதிகவியலைத் தமிழில் படித்தவர். அங்கே இயற்பியலுக்குப் பௌதிகவியல் என்று பெயர். அவர் தொலைபேசியில் சிரித்தார். "உங்கட நிறை வேற, எங்கட நிறை வேற" என்றார். நாங்கள் நிறை என்பதை அங்கே திணிவு என்கிறார்கள். நாங்கள் எடை என்பதுதான் அங்கே நிறை. நமது வேகம் அவர்களுக்குக் கதி. நமது திசைவேகம் அவர்களுக்கு வேகம். ஒரே மொழி, பாக்கு நீரிணைக்கு இரு கரையிலும் ஒரே சொல், இரண்டு வேறு பொருள். தேர்வில் ஒருவர் விடைத்தாளை இன்னொருவர் திருத்தினால் நல்ல மாணவனும் தோற்றுவிடுவான்.

ஆனால் இந்த முரணே மகனுக்கு ஒன்றைத் தெளிவாக்கியது. சொல் எதுவாயினும் அளவுகள் இரண்டு என்று பிடிபட்டது. 60 கிலோ கிராம் உள்ள ஒருவர் நிலவுக்குப் போனாலும் 60 கிலோ கிராம்தான். அது பொருளில் உள்ள சரக்கு. புவி அவரை இழுக்கும் விசை 588 நியூட்டன். நிலவில் அது சுமார் 97 நியூட்டனாகக் குறைந்துவிடும். இந்த இரண்டையும் சந்தையில் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் மொழியில் வேறுபாடு கூர்மையாகவில்லை. கனமான பொருளைப் புவி அதிகமாக இழுக்கிறது. ஆனால் நகர்த்த அது அதே விகிதத்தில் முரண்டும் பிடிக்கிறது. ஆகவே காற்று இல்லாவிட்டால் எல்லாம் ஒரே முடுக்கத்தில் விழும். 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டுக் காட்டினார். அந்தக் காணொளியை மகன் நான்கு முறை ஓட்டிப் பார்த்தான்.

நண்பர் சொன்ன சொற்களில் எங்களைப் பித்துப்பிடிக்க வைத்தவை இரண்டு. ஒன்று காவி. நம் பாடநூல் வெக்டர் என்றே எழுதிவிடும் அளவை அங்கே காவி என்கிறார்கள். காவுதல் என்றால் சுமந்து செல்லுதல். காவடியில் இருப்பது அந்த வினைதான். வெக்டர் என்ற இலத்தீன் சொல்லுக்கும் சுமப்பவன் என்றுதான் பொருள். இதை ஆக்கியவர் யார் என்று அறியோம், ஆனால் கும்பிடத் தோன்றியது. மற்றொன்று ஆர்முடுகல். நாம் முடுக்கம் என்கிறோம். வேர் இரண்டிலும் நெருங்கியதே. யாப்பு படித்தவர்களுக்கு முடுகியல் தெரியும், பாட்டின் நடை விரைந்து ஓடும் இடம். வேகமாக இருப்பதற்கு முடுக்கம் என்று பெயர் இல்லை, வேகம் மாறிக்கொண்டிருப்பதற்குத்தான் என்று சொல்ல இதைவிட நல்ல வழி எங்களுக்குக் கிடைக்கவில்லை. மேலே எறிந்த கல் உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அதன் வேகம் சுழி; முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 9.8. அந்தக் கணத்தில் முடுக்கமும் சுழியாக இருந்தால் கல் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

1916இலேயே சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் கலைச்சொற்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். நூறாண்டுக்கும் மேலான உழைப்பு இது. எங்கள் அனுபவத்தில் மாணவனை இடறச் செய்பவை சொற்கள் அல்ல, வாக்கியங்கள். மகன் வைத்திருந்த ஒரு தனியார் வழிகாட்டியில் ஒரே வாக்கியத்தில் நான்கு 'படுகிறது' வந்தது. யார் எதைச் செய்தார் என்று தமிழ் முதுகலை படித்த இருவர் கூடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. சொல்லை ஆக்கியவர்கள் தமிழ் அறிந்தவர்கள். வாக்கியத்தை எழுதியவருக்கு அவசரம்.

பரிமாணப் பகுப்பாய்வில் மட்டும் நாங்கள் தடுமாறவே இல்லை. அது தளை பார்ப்பது போன்றது. சமன்பாட்டின் இருபுறமும் நிறை, நீளம், காலம் மூன்றும் ஒரே அடுக்கில் நிற்க வேண்டும். இல்லையென்றால் தளை தட்டுகிறது, சமன்பாடு தவறு. ஊசலின் அலைவுக்காலத்தை அப்படியே வருவிக்கலாம்: நீளத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் காலம் வந்து நிற்கிறது. ஆனால் முன்னால் இருக்கும் இரண்டு பை என்ற எண்ணை இந்த முறை தராது. தளை தட்டாத வெண்பா எல்லாம் கவிதை ஆகிவிடுவதில்லை என்று நாங்கள் வகுப்பில் சொல்வதுதான் இங்கும்.

சூத்திரம் வந்துவிட்டது, சரிதானா என்று பார்க்க வேண்டும் என்றான் மகன். வீட்டில் சாவி தொலைந்துபோன பழைய திண்டுக்கல் பூட்டு ஒன்று கிடந்தது. ஒரு மீட்டர் நூல் அளந்து, தாழ்வார உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். சிறிதளவே இழுத்து விட வேண்டும். அகலமாக ஆட்டினால் சூத்திரம் பொருந்தாது. 20 அலைவுகளுக்கு 41 வினாடி, அதாவது ஓர் அலைவுக்கு 2.05 வினாடி. கணக்கிட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.39 என்று வந்தது. மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் அதே. எங்களில் ஒருவர், கைப்பேசியில் பொத்தானை அழுத்தும் தாமதம் என்றார். மற்றவர், காற்று என்றார். இலக்கிய விமரிசனத்தில் நெடுங்காலம் இருந்தால் காரணங்கள் இப்படித் தாமாகவே வாயில் வந்துவிடும்.

மகன் தரையில் உட்கார்ந்து பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஆடி அடங்கும்வரை எழவில்லை. பிறகு அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அப்பா, முடிச்சு வரைக்கும் அளந்தா தப்பு. ஆடுறது பூட்டு. அதோட நடு வரைக்கும் அளக்கணும்."

வளையத்தின் மேலிருந்து பூட்டின் நடு வரை 4 சென்டிமீட்டர் இருந்தது. நீளம் 1.04 மீட்டர். மறுபடியும் பெருக்கி வகுத்தான். 9.77.

அம்மாவிடம் தாளை நீட்டினான். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். சொல்ல முயன்றிருந்தால் அழுதிருப்பாள். ஊசல்குண்டின் மையம் வரை அளக்க வேண்டும் என்பது பாடநூலில் இருப்பதுதான். நாங்கள் இருவரும் அந்தப் பத்தியைச் செய்முறைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறோம். ஏன் என்று கேட்டதில்லை.

அரையாண்டுத் தேர்வில் 70க்கு 29 வாங்கினான். பெரிய மதிப்பெண் இல்லை. வேலை பற்றிய கணக்கு வேறு உருவில் வந்திருந்தது, அதைச் சரியாகப் போட்டிருந்தான். "காலேஜ்ல இதெல்லாம் இங்கிலீஷ்லதானே இருக்கும்?" என்று போன வாரம் கேட்டான். அரசுக் கலைக் கல்லூரிகளில் தமிழ்வழி இயற்பியல் உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டட, இயந்திரப் பொறியியலைத் தமிழிலும் தொடங்கியது. இவற்றைச் சொன்னோம். அதற்கப்புறம் வேலைக்கு என்று கேட்டான். இந்த வேலை அப்பத்தாவின் வேலையும் இல்லை, ஜூலில் அளக்கும் வேலையும் இல்லை. அதற்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை. ஆங்கிலக் கலைச்சொற்களையும் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள் என்று ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அதில் அவன் நாங்கள் சொல்லாமலே யாழ்ப்பாணச் சொற்களுக்கும் ஒரு பத்தி கோடிட்டு ஒதுக்கியிருக்கிறான்.

பூட்டு தாழ்வாரத்தில்தான் தொங்குகிறது. வருகிறவர்கள் தலையில் இடித்துக்கொள்கிறார்கள். கழற்றச் சொன்னால், கால் மீட்டர் வைத்தால் ஒரு வினாடி வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கழற்றுகிறேன் என்கிறான்.