ஒட்டுசுட்டான் களிமண்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வழியில் ஒட்டுசுட்டான் வரும். வரகு அறுத்த ஒட்டைச் சுட்டபோது சிவலிங்கம் தென்பட்டதாம். ஊர்ப் பெயருக்கு அதுவே காரணம் என்பார்கள். எனக்கென்னவோ பெயரைக் கேட்டதும் சுட்ட ஓடுதான் ஞாபகம் வரும். அரசாங்க ஓட்டுத் தொழிற்சாலை ஒன்று இங்கே இயங்கியது. யுத்தம் அதை நிறுத்திவிட்டது.

ஓடு செய்வது லேசான வேலையல்ல. களிமண்ணைத் தெரிந்தெடுத்து, பிசைந்து, அச்சில் அழுத்தி, நிழலில் காயவிட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் வெடிக்கும். சூளையில் சூடு குறைந்தால் ஓடு நீர் குடிக்கும், மிஞ்சினால் கோணும். பக்கத்தில் நின்று பழகினால்தான் இது கைவரும். சூளை பல வருடம் அணைந்து கிடந்தால் அந்தப் பழக்கமும் போய்விடும்.

கட்டுநாயக்கவில் 1978இல் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. வன்னிக்கோ 2009இல் யுத்தம் முடிந்த பிறகுதான் கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. பெண் பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் வருடக்கணக்காகக் கொலர் மட்டும் தைப்பவள் எதைக் கற்றுக்கொள்வாள்?

பங்களாதேஷைப் பாருங்கள். 1979இல் தேஷ் என்ற கம்பனி 130 பேரைத் தென்கொரியாவிலுள்ள டேவூவின் ஆலைக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. தையலோடு தரம் பார்க்கவும், வேலையை மேற்பார்வை செய்யவும், விற்கவும் படித்து வந்தார்கள். சில வருடங்களில் 115 பேர் விலகி, சொந்தமாக ஆலை தொடங்கினார்கள், அல்லது புதிய ஆலைகளுக்குப் போனார்கள். தேஷுக்கு நட்டம்தான். நாட்டுக்கோ ஒரு தொழிலே கிடைத்தது.

இங்கே ஆலை வந்தால் எத்தனை பேருக்கு வேலை என்று கேட்கிறோம். இயந்திரம் திருத்துகிறவர்களில், தரம் பார்க்கிறவர்களில் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று யார் கேட்கிறார்கள்?