‘ஒட்டமாட்டேங்கிறான்’ என்றார்கள்

என் முதல் வேலையில் ஓராண்டு முடிந்தபோது மேலாளர் என் மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதியது: ‘வேலையில் குறையில்லை. குழுவோடு ஒட்டுவதில்லை.’

முதல் நான்கு மாதம் நான் அப்படி இல்லை, தோழர்களே. எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எக்செல் சொல்லிக்கொடுப்பேன். லீவில் போனவரின் வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்வேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது பக்கத்து இருக்கைக்காரர், ‘ஊர் எது தம்பி? ஊர்ல எந்தப் பக்கம்?’ என்றார். சொன்னேன். மறுநாளிலிருந்து என் டப்பாவுக்குள் யார் கையும் வரவில்லை. அவர்கள் டப்பாவும் என் பக்கம் நகரவில்லை. யாரும் திட்டவில்லை, புகார் எழுத ஒரு வரிகூட இல்லை. நானும் மெல்லச் சுருங்கினேன். என் வேலையை மட்டும் முடித்துவிட்டு ஆறு மணிக்குப் பையைத் தூக்கினேன்.

ஊழியருக்கும் பணியிடத்துக்கும் பொருத்தம் இருந்தால் பற்று வளரும், கடமைக்கு மேலும் சக ஊழியருக்கு உதவுவார் என்கிறது நிர்வாகவியல் பாடம். அந்த உதவிக்கு ‘நிறுவனக் குடிமை நடத்தை’ என்று பெயர். குடிமகனாக நடந்துகொள் என்கிறார்கள். சரி, குடியுரிமையை யார் தருவது?

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-ல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். உதவித்தொகைக்கு ஈடாகப் பத்தாண்டு பணிசெய்வதாக ஒப்பந்தம். தகுதியில் என்ன குறை? ப்யூன்கள் கோப்புகளை எட்ட நின்று மேசையில் வீசினார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து பதினொன்றாம் நாள் தடிகளோடு வந்து விரட்டினார்கள். பம்பாய்க்குத் திரும்பினார். ‘அவருக்கு வேலையில் பற்றில்லை’ என்று எவராவது எழுதினால் ஏற்போமா?

எனது அடுத்த வேலையில் முதல் நாளே ஓர் அக்கா என் டப்பாவிலிருந்து கருவாட்டுத் துண்டை எடுத்துத் தன் சோற்றில் வைத்துக்கொண்டார். நான் யார் என்று தெரிந்தேதான் எடுத்தார். சாதி சொல்லிப் பேசிய ஒருவரை நிர்வாகம் கூப்பிட்டு விசாரித்ததையும் அங்கே பார்த்தேன். அந்த அலுவலகத்தில் யாரும் கேட்காமலேயே இரவு எட்டு மணி வரை இருந்து பிறர் வேலையை முடித்துக்கொடுத்திருக்கிறேன். முந்தைய இடத்தில் ‘ஒட்டாதவன்’ என்று எழுதப்பட்ட அதே ஆள்தான்.

வேலை தேடும் தம்பி, தங்கைகளே! ‘எங்கள் கல்ச்சருக்கு ஒத்துவருவீர்களா?’ என்று கேட்டால், சாதிப் பாகுபாடு பற்றிப் புகார் செய்ய இங்கே என்ன ஏற்பாடு என்று திருப்பிக் கேளுங்கள். வீட்டு நிலைமை அப்போது கேட்கவிடாது என்றால், சேர்ந்தபின் நாலு பேரோடு சேர்ந்து கேளுங்கள். ஒட்டவில்லையே என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். நான் ஓராண்டு அப்படி நொந்து கிடந்தேன்.

ஜெய் பீம்.